அப்பாவின் டிஎன் 68 வண்டியும் என் பேரும்

கண்ணில் புரை விழுந்ததிலிருந்து அப்பா ராத்திரியில் கார் எடுப்பதை நிறுத்திவிட்டார். "எதிர்ல வர்றவன் லைட்டு அப்படியே மத்தாப்பு மாதிரி விரியுதுடா" என்றார். அப்புறம் பகலிலும் எடுப்பதில்லை. 2018ல் வாங்கிய ஸ்விஃப்ட், கும்பகோணம் பதிவு, டிஎன் 68, வீட்டு வாசலில் வேப்பிலை உதிர்ந்து மூடிக் கிடந்தது. "நீயே கொண்டு போ, சும்மா நின்னா பேட்டரிதான் போகும்" என்று சாவியைக் கொடுத்தார். ஆடியில் வண்டி கைமாற வேண்டாம் என்று அம்மா சொன்னதால், ஆவணி பிறந்ததும் போய் வேளச்சேரிக்கு ஓட்டி வந்தேன். இது 2024ல்.

எனக்கு அப்போது இருந்த ஒரே பயம், சென்னைக்கு வந்துவிட்டதால் இன்சூரன்ஸ் ஏறிவிடுமோ என்பதுதான். அப்பா போன வருடம் கட்டியது எட்டாயிரத்து ஐந்நூறு சொச்சம். அக்டோபர் 22ல் முடிகிறது. கும்பகோணத்தில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டினால் அது பெரிய பயணம், இங்கே வேளச்சேரி நூறடி ரோட்டில் ஒரு சாயங்காலம் ஓட்டினாலே இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு போவார்கள். விலை ஏறத்தானே செய்யும் என்று நினைத்தேன். ஏறியது உண்மைதான், ஆனால் காரணம் வேறு.

மடிப்பாக்கத்தில் எனக்குத் தெரிந்த ஏஜெண்ட் ஒருவர் இருக்கிறார், எல்ஐசியும் பார்ப்பார், வண்டி இன்சூரன்ஸும் பார்ப்பார். அவர் ஒரு பழைய நோட்டின் பின்பக்கத்தில் எனக்குப் போட்டுக் காட்டிய கணக்கு இதுதான். கார் பாலிசியில் இரண்டு பகுதி. நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் இழப்புக்கு ஒன்று, தேர்ட் பார்ட்டி. அதன் விலையை அரசாங்கமே நிர்ணயிக்கிறது, இன்ஜின் சிசியை மட்டும் வைத்து. 1000லிருந்து 1500 சிசி வரை உள்ள காருக்கு 2022 ஜூன் 1லிருந்து 3,416 ரூபாய். கும்பகோணமோ கிண்டியோ, ஓட்டுபவர் நேற்று லைசென்ஸ் வாங்கியவரோ நாற்பது வருட அனுபவசாலியோ, அதில் ஒரு ரூபாய் மாறாது. மாறுவதெல்லாம் இரண்டாவது பகுதியில், நம் வண்டிக்கே வரும் சேதத்துக்கானது. 2007 ஜனவரி 1லிருந்து அந்த விலையைக் கம்பெனிகளே வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் அடிப்படைக் கணக்குக்கு அவர் எடுத்துக்கொண்டது பழைய அட்டவணையைத்தான்.

அந்த அட்டவணையில் இந்தியாவுக்கே இரண்டு மண்டலம்தான். ஏ மண்டலத்தில் எட்டு ஊர்: சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், மும்பை, புனே, அகமதாபாத், கொல்கத்தா, டெல்லி. மற்றதெல்லாம் பி. தமிழ்நாட்டில் சென்னை மட்டும் ஏ, கோயம்புத்தூரும் மதுரையும்கூட பி. பார்ப்பது வண்டி எங்கே பதிவானது என்பதை, எங்கே ஓடுகிறது என்பதை அல்ல. என் வண்டி வேளச்சேரியிலேயே கிடந்து உருண்டாலும் டிஎன் 68 பலகை இருக்கும்வரை அது கும்பகோணத்து வண்டிதான். ஒரே மாநிலத்துக்குள் பேர் மாற்றினால் எண் மாறாது என்பதால் அப்படியேதான் இருக்கப்போகிறது.

சரி, இந்த வித்தியாசம் எவ்வளவு? வண்டியின் மதிப்பு, அதாவது ஐடிவி, மூன்றரை லட்சம். ஐந்து வயதைத் தாண்டிய 1200 சிசி காருக்கு ஏ மண்டலத்தில் 3.447 சதவீதம், பி மண்டலத்தில் 3.351. ஒன்று 12,064 ரூபாய், இன்னொன்று 11,728. வித்தியாசம் 336. அதில் கம்பெனி தரும் கழிவு, கிளெய்ம் செய்யாததற்கான போனஸ் எல்லாம் போய் என் கைக்கு வரும்போது நூற்றைம்பது ரூபாய் சுமார். இதற்காகவா நான் ஒரு வாரம் தூக்கம் கெட்டேன்!

கம்பெனிகள் இதற்கு மேல் ஆர்டிஓ வாரியாகத் தங்கள் கழிவைக் கூட்டிக் குறைக்கத்தான் செய்கின்றன. ஆபீஸ் நண்பர் ஒருவரிடம் இதே வருடத்து ஸ்விஃப்ட் சென்னைப் பதிவில், டிஎன் 07ல் இருக்கிறது, அதன் எண்ணையும் போட்டுப் பார்த்தோம். ஒரு கம்பெனியில் அவருக்குக் கூட, இன்னொன்றில் எனக்குக் கூட. மூன்று நான்கு இடத்தில் பார்க்காமல் கட்டக்கூடாது என்பது மட்டும் தெரிந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் பேருக்கு வந்த முதல் விலை 12,334. அப்பா கட்டியதைவிட கிட்டத்தட்ட நாலாயிரம் கூட, வண்டிக்கு ஒரு வயது ஏறி மதிப்பு குறைந்த பிறகும். ஏஜெண்டிடம் கேட்டால், "ஊரு மாறினதுக்கு இல்ல சார், பேரு மாறினதுக்கு" என்றார்.

அப்பாவுக்கு இருந்தது 50 சதவீத என்சிபி, அதாவது கிளெய்ம் செய்யாததற்காகச் சொந்த சேதப் பகுதியில் தரும் போனஸ். ஒரு வருடம் கிளெய்ம் இல்லாவிட்டால் 20, அப்புறம் 25, 35, 45, 50 என்று ஏறும், அதற்கு மேல் கிடையாது. இது வண்டியோடு போகாது, ஆளோடுதான் போகும். அப்பா பத்திரமாக ஓட்டியதற்கான பலன் அப்பாவுக்கே. ஆர்சியை என் பேருக்கு மாற்றிய அன்றே நான் அந்த வண்டிக்குப் புது ஆள், என் கணக்கு பூஜ்யம். அதோடு ஆர்சி மாறினால் பதினான்கு நாளுக்குள் பாலிசியையும் என் பேருக்கு மாற்றச் சொல்ல வேண்டும், அப்படி மாற்றும்போது மிச்சமிருந்த ஒன்றரை மாதத்துக்கு அப்பா பெற்ற போனஸை நான் திருப்பிக் கட்ட வேண்டும். அறுநூறு ரூபாய்க்குள்தான் வந்தது. மாற்றாமல் விட்டிருந்தால் ஆர்சியில் ஒரு பேர், பாலிசியில் ஒரு பேர். வண்டி அடிபட்டால் நம் சேதத்துக்கு நம்பி உட்கார முடியாது.

"அப்பாவோட அம்பதை பையனுக்குக் குடுக்கவே முடியாதா சார்?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கினார். "முடியும் சார். ஆனா... அவர் காலத்துக்கு அப்புறம்தான்." விதி அப்படித்தான் இருக்கிறது, உரிமையாளர் இறந்து வண்டி மனைவிக்கோ பிள்ளைக்கோ பெற்றோருக்கோ போனால் போனஸும் கூடப் போகும். போன் ஸ்பீக்கரில் இருந்தது, அந்தப் பக்கம் அப்பா. "அப்ப நாலாயிரம் ரூவா நஷ்டம் பரவால்ல" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இணையத்தில் பாலிசி எடுக்கும்போது "உங்கள் என்சிபி எவ்வளவு" என்று ஒரு கட்டம் வரும், அதில் 50ஐத் தொட்டால் விலை உடனே குறையும், யாரும் அந்த நிமிடம் எதுவும் கேட்பதில்லை. ஒரு ராத்திரி அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புதுக் கம்பெனி பழைய கம்பெனியிடம் விசாரிக்கும், பொய் என்று தெரிந்தால் கிளெய்ம் காலி. விட்டுவிட்டேன்.

அப்போதுதான் ஏஜெண்ட் கேட்டார், "உங்க ஆல்டோ என்ன ஆச்சு சார்?" 2023 ஆரம்பத்தில் அதை ஒரு கார் கன்சல்டிங்காரரிடம் விற்றிருந்தேன். அந்தப் பாலிசியில் என் பேரில் 35 சதவீதம் இருந்தது. விற்றாலும் அந்த 35 மூன்று வருடம் உயிரோடு இருக்குமாம், பழைய கம்பெனியிடம் ஒரு கடிதம் வாங்கினால் போதும். எனக்கு இது தெரியவே தெரியாது. விற்றபோது யாரும் சொல்லவில்லை, சொன்னால் யாருக்கு என்ன லாபம்.

கடிதத்துக்குக் கம்பெனி கேட்டது: பழைய பாலிசி, விற்றதற்கான ஃபார்ம் 29, 30 நகல், புது உரிமையாளர் பேருக்கு மாறிய ஆர்சி நகல். கடைசியில்தான் சிக்கியது. எம்பரிவாஹன் என்ற அரசாங்கச் செயலியில் ஆல்டோ எண்ணைப் போட்டால் உரிமையாளர் இன்னும் நான்! ஒன்றரை வருடமாக யாரோ என் பேரில் உள்ள காரை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். பேர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு பதிவில் இருக்கும் உரிமையாளர்தான் என்று 2018ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அது தெரிந்ததும் 35 சதவீதமெல்லாம் மறந்துபோய் வயிற்றைக் கலக்கியது.

கன்சல்டிங்காரர் முதலில் போன் எடுக்கவில்லை. எடுத்தபோது "நாளைக்கு சார்" என்றார், அந்த நாளை பத்து நாள் வந்தது. கடைசியில் வடபழனியில் இருந்த கடைக்கே நேரில் போய் உட்கார்ந்தேன், டீ வாங்கிக் கொடுத்தார், குடித்தேன், எழுந்திருக்கவில்லை. வண்டி திருவள்ளூர் பக்கம் ஒரு காய்கறி வியாபாரியிடம் இருந்தது. பாவம், அவர் பேர் மாற்றுவதற்கென்று பணத்தை அப்போதே இவரிடம் கொடுத்துவிட்டிருக்கிறார். அவர் எண்ணை வாங்கி நானே பேசினேன். மூன்று வாரத்தில் பேர் மாறியது, ஆர்சி நகல் வாட்ஸாப்பில் வந்தது, இன்சூரன்ஸ் கம்பெனி நான்கு நாளில் மின்னஞ்சலில் கடிதம் அனுப்பிவிட்டது. அந்த ஒரு தாளுக்கு 2,906 ரூபாய் மதிப்பு, ஜிஎஸ்டியோடு கணக்குப் போட்டேன்.

இதற்கிடையில் மழை. அக்டோபர் நடுவில் கனமழை எச்சரிக்கை வந்ததும் எங்கள் ஏரியாவே காரை எடுத்துக்கொண்டு வேளச்சேரி மேம்பாலத்துக்குப் போனது. நானும் போனேன். டிஎன் 07, 22 எல்லாம் வரிசையாக நிற்க நடுவில் என் கும்பகோணத்து வண்டி. இங்கே ஒன்று சொல்ல வேண்டும்: சாதாரண பாலிசியில் வெள்ளச் சேதம் சேர்ந்ததுதான், ஆனால் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜினுக்குள் தண்ணீர் போய்விட்டால் அந்தச் செலவைத் தரமாட்டார்கள், அதற்கு இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாக வாங்க வேண்டும். அப்பா பாலிசியில் அது இல்லை, கும்பகோணத்தில் தேவைப்படவும் இல்லை. 2015 டிசம்பரையும் 2023 மிக்ஜாமையும் வேளச்சேரியில் பார்த்தவனுக்கு அது இல்லாமல் தூக்கம் வராது. ஊர் விலையை மாற்றுவது மண்டல அட்டவணையில் அல்ல, இங்கேதான். ஐந்து வயது தாண்டிய வண்டிக்கு எல்லாக் கம்பெனியும் இதைத் தருவதில்லை. தந்த ஒன்றில் 900 ரூபாய் கேட்டார்கள், மறு பேச்சில்லாமல் சேர்த்தேன்.

கடைசியாகக் கட்டியது 10,490. சொந்த சேதம் 35 சதவீதம் போக 4,574, தேர்ட் பார்ட்டி 3,416, இன்ஜின் 900, மேலே 18 சதவீத ஜிஎஸ்டி. உரிமையாளருக்கான 15 லட்சம் விபத்துக் காப்பீடு என் பைக் பாலிசியிலேயே இருந்ததால் மறுபடி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். இதைக் கேட்காவிட்டால் அவர்களாகவே சேர்த்துவிடுவார்கள்.

இத்தனைக்கும் வண்டியை அதிகம் ஓட்டுவது என் மனைவிதான். அவர் வயது என்ன, எத்தனை வருடமாக ஓட்டுகிறார், யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. லைசென்ஸ் இருந்தால் போதும். கலிஃபோர்னியாவில் இருக்கும் அத்தை பையனிடம் இதைச் சொன்னபோது நம்பவில்லை. அங்கே 1988ல் மக்கள் ஓட்டுப்போட்டுக் கொண்டுவந்த சட்டப்படி ஓட்டுபவரின் விபத்து வரலாறு, வருடத்துக்கு எத்தனை மைல், எத்தனை வருட அனுபவம் என்பவைதான் முதலில் எடைபோடப்பட வேண்டுமாம், அதற்கப்புறம்தான் மற்றது. ஆனாலும் அவன் பத்து மைல் தள்ளி வீடு மாறியதற்கே, பின்கோடு மாறியதால், பிரீமியம் ஏறிவிட்டது. இங்கே மனைவி தூணில் இடித்தால் போவது என் 35. போன மாதம் பம்பர் கீறியதற்கு மூவாயிரம் கைக்காசு போட்டுச் சரிசெய்தோம், கிளெய்ம் போகவில்லை. யார் இடித்தது என்று இங்கே எழுதக்கூடாது என்பது வீட்டு உத்தரவு.

அப்பாவின் 50க்கும் ஒரு கடிதம் வாங்கலாம் என்று ஏஜெண்ட் சொன்னார், ஆர்சி மாறிவிட்டதே. எழுபத்து நான்கு வயதில் இனி எதற்கு என்று நான் சும்மா இருந்தேன், அப்பாதான் விடவில்லை. தை மாதம் கண் ஆபரேஷன் முடிந்தது. பொங்கலுக்கு அப்புறம் ஊருக்குப் போனபோது பீரோவைத் திறந்து காட்டினார், அந்தக் கடிதத்தை லேமினேட் செய்து வீட்டுப் பத்திரத்தோடு வைத்திருக்கிறார். "மூணு வருஷம் இருக்குல்ல?" என்றார். "ஆட்டோ கியர் வண்டி என்னடா வெல வருது இப்ப?"