பூட்டு சாவிச் சின்னமும் இரண்டாவது கையெழுத்தும்

2019 டிசம்பர் 16, திங்கட்கிழமை. ஊராட்சித் தலைவர் தேர்தலுக்கு வேட்புமனு கொடுக்க அதுதான் கடைசி நாள். ஒன்றிய அலுவலகத்துப் புங்கமரத்தடியில் மஞ்சள் பையோடு நின்றுகொண்டிருந்தேன். பையில் வாக்காளர் பட்டியல் நகல், வீட்டு வரி கட்டிய ரசீது, சாதிச் சான்றிதழ், டெபாசிட் பணம் 300 ரூபாய். எல்லாம் இருந்தது. என்னை முன்மொழிய வேண்டியவர் மட்டும் வரவில்லை.

என் வீட்டுக்காரரின் பெரியப்பா மகன்தான் முன்மொழிவதாகச் சொல்லியிருந்தார். பத்து மணிக்கு வர வேண்டியவர் பதினொன்றரைக்குப் போன் செய்தார். “மன்னிச்சுக்கம்மா, நான் ஊர்ப் பெரியவங்க வயல்லதான் வேலை பாக்குறேன்” என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவர்மேல் எனக்கு இன்றுவரை கோபம் கிடையாது. அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

முன்மொழிபவர் அதே ஊராட்சியில் ஓட்டு உள்ளவராக இருக்க வேண்டும். ஐந்து மணிக்கு மனு வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். வீட்டுக்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார். மூன்றரை மணிக்குத் திரும்பும்போது பின்னால் என் மாமியார் உட்கார்ந்திருந்தார். நாற்றங்காலில் இருந்து அப்படியே வந்திருந்தார், காலில் சேறு காயவில்லை. அத்தை பள்ளிக்கூடமே போகாதவர். தொண்ணூறுகளில் எங்கள் தெருவில் அறிவொளி இயக்க வகுப்பு நடந்தபோது, அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் தன் பெயரை மட்டும் எழுதக் கற்றுக்கொண்டவர். அன்றைக்கு அந்த அலுவலகத்தில் ஒவ்வொரு எழுத்தாக, ஒரு நிமிஷம் எடுத்து, கையெழுத்துப் போட்டார். என் பதவிக்காலத்தில் எத்தனையோ கையெழுத்துகளுக்காக அலைந்திருக்கிறேன். அத்தை போட்ட அந்த ஒன்றுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் நிற்கலாமா என்று யோசிக்கும் பெண்கள் சிலர் என்னிடம் கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் காவிரியின் கடைமடையில் இருக்கிறது. வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வருவது எங்கள் ஊருக்கு. குடிதண்ணீர் கடைசியாக வருவது எங்கள் தெருவுக்கு. டேங்க் ஊர்த்தெருவில் இருந்தது. விடியற்காலை நாலு மணிக்குக் குழாயில் இருபது நிமிஷம் நூல் மாதிரி தண்ணீர் வரும், அதுவும் எல்லா நாளும் இல்லை. நான் அப்போது மகளிர் சுய உதவிக் குழுவில் ஊக்குநராக இருந்தேன். குழுக் கூட்டத்தில் கடன், வட்டி என்று எதைப் பேச ஆரம்பித்தாலும் பேச்சு குடத்தில்தான் வந்து முடியும்.

தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்கு 1996 தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடம் கிடைத்தது. 2016-இல் அதைச் சரிபாதியாக ஆக்கினார்கள். அந்தக் கணக்கில் எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி ஆதிதிராவிடர் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஊர்ப் பெரியவர்கள் கூடி, தங்கள் சொல்பேச்சு கேட்கும் ஒரு அம்மாவை நிறுத்துவதாக முடிவு செய்துவிட்டார்கள். போட்டியே இல்லாமல் முடித்துவிடலாம் என்பது அவர்கள் நினைப்பு. நான் மனு கொடுக்கிறேன் என்று தெரிந்ததும்தான் சங்கடம் ஆரம்பித்தது.

என் அம்மா அழுதார். அழாமல் என்ன செய்வார்? வில்லாபுரம் லீலாவதியின் கதை அவருக்குத் தெரியும். மதுரை மாநகராட்சிக்கு 1996-இல் கவுன்சிலராக வந்தவர் லீலாவதி, நெசவுத் தொழிலாளி. தன் வார்டுக்குக் குழாய்த் தண்ணீர் வர வேண்டும் என்று நின்றார். தண்ணீரை விற்றுப் பிழைத்தவர்களுக்கு அது பொறுக்கவில்லை. 1997 ஏப்ரல் 23 அன்று பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். பதவிக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. திருநெல்வேலிப் பக்கம் தாழையூத்து ஊராட்சித் தலைவர் கிருஷ்ணவேணியை 2011 ஜூனில் அரிவாளால் வெட்டினார்கள். அவர் உயிர் பிழைத்து, வழக்கையும் விடாமல் நடத்தினார்.

இவர்களை வீரப் பெண்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது எனக்குச் சம்மதமில்லை. லீலாவதி கேட்டது தண்ணீர். கிருஷ்ணவேணிக்குப் பிரச்சினை வந்தது பெண்களுக்கான கழிப்பறை விஷயத்தில். எல்லாவற்றையும் மாற்றுகிறேன் என்று அவர்கள் கிளம்பவில்லை, ஒரு காரியத்தை எடுத்துக்கொண்டார்கள், அதை விடவில்லை. நானும் ஒன்றுதான் எடுத்துக்கொண்டேன்: எங்கள் தெருவுக்கும் அதற்கு அடுத்த காலனிக்கும் தனி டேங்க்.

கிராம ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. எனக்குப் பூட்டு சாவி கிடைத்தது. குழுப் பெண்கள் ஆளுக்கொரு வீட்டுப் பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்கள். அப்போது செலவு உச்சவரம்பு 34,000 ரூபாய். எனக்கு ஆனது 11,000 சொச்சம், தோட்டை அடகு வைத்த பணம். எதிர்த்தரப்பில் எவ்வளவு போனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கு கொடுக்க வேண்டும். ஜெயித்தவர், தோற்றவர் எல்லோரும் கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால் பின்னால் தகுதி நீக்கம் வரை போகும். டீ வாங்கிய ரசீதைக்கூட நான் ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருந்தேன்.

2020 ஜனவரி 2 ஓட்டு எண்ணிக்கை. ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் என்று நாலு பதவிக்கும் நாலு நிறச் சீட்டு ஒரே பெட்டியில் கிடக்கும். தலைவருக்கு இளஞ்சிவப்பு. பிரித்து அடுக்கவே மத்தியானம் ஆகிவிட்டது. ராத்திரி ஒன்றரை மணிக்கு, 27 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்ததாகச் சொன்னார்கள். மறுபடி எண்ணச் சொன்னார்கள் அந்தப் பக்கத்தார். எண்ணினார்கள். அதே 27. சான்றிதழ் கைக்கு வரும்வரை இடத்தை விட்டு நகராதே என்று குழுவில் ஒரு அக்கா சொல்லியிருந்தார். பசியோடு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

அந்த வாரம் டிவியில் இரண்டு பேரைக் காட்டினார்கள். விருதுநகர் மாவட்டம் கான்சாபுரத்தில் துப்புரவுப் பணியாளராக இருந்த சரஸ்வதி அம்மா அதே ஊராட்சிக்குத் தலைவராகியிருந்தார். மதுரை அரிட்டாபட்டியில் வீரம்மாள் பாட்டி, தள்ளாத வயதில் ஜெயித்திருந்தார். அதைப் பார்த்து அத்தை, “அந்தக் கெழவிக்கு என்னைவிட வயசு கூட இருக்கும் போல” என்று சொல்லி வெகுநேரம் டிவி முன்னாலேயே நின்றார்.

ஜனவரி 6 பதவியேற்பு. ஜனவரி 11 துணைத்தலைவர் தேர்தல், வார்டு உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது. எங்கள் ஒன்பது பேரில் ஆறு பேர் ஊர்த்தெரு. ஆக, துணைத்தலைவர் யார் என்பது எனக்கு முன்பே தெரிந்துவிட்டது. இதில்தான் பல பெண் தலைவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். இடஒதுக்கீடு தலைவர் நாற்காலிக்கு உண்டு, இரண்டாவது கையெழுத்துக்குக் கிடையாது.

அவர் போடவில்லை. மறுத்தும் பேசவில்லை. “பாக்கலாம்மா”, “வெளியூர்ல இருக்கேன்”, “அடுத்த வாரம்”. டேங்க் ஆபரேட்டருக்கு மூன்று மாதச் சம்பளம் நின்றது. மின் கட்டணம் நின்றது. மார்ச்சில் கொரோனா வந்தபோது பிளீச்சிங் பவுடருக்குக் கடைக்காரரிடம் என் பெயரில் கடன் சொல்லி வாங்கினேன். ஊரில், “பொம்பள தலைவர் வந்ததும் ஒண்ணும் நடக்கல பாரு” என்றார்கள். அந்தப் பேச்சு வர வேண்டும் என்பதற்காகத்தான் கையெழுத்தே நின்றது.

இன்னொரு சிக்கல் என் வீட்டுக்குள்ளேயே இருந்தது. என் வீட்டுக்காரர் நல்ல மனிதர், கொத்தனார் வேலை செய்கிறார். முதல் சில மாதம் எல்லா இடத்துக்கும் கூட வந்தார். பஸ் இல்லாத ஊர், சைக்கிள் அவருடையது. ஒன்றிய அலுவலகத்தில் அவரை “வாங்க தலைவரே” என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒரு நாள் பதிவேட்டையும் பேனாவையும் அவர் பக்கம் நீட்டினார்கள். அவர் பேனாவை வாங்கியும்விட்டார். வீட்டுக்கு வரும் வழியில் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ராத்திரி சாப்பிட்ட பிறகு, “நாளையிலேருந்து நீங்க வாசல் வரைக்கும் வாங்க, உள்ள நான் மட்டும் போறேன்” என்றேன். அவருக்கு வலித்தது, எனக்குத் தெரியும். ஆனால் ஒப்புக்கொண்டார். வெளியே உட்கார்ந்து மூன்று மணி நேரம்கூடக் காத்திருந்திருக்கிறார். அதைச் சாதாரணமாக எண்ணிவிட முடியாது. அந்த வருஷமே நான் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டேன்.

சரி, இரண்டாவது கையெழுத்துக்கு வருகிறேன். குழுவில் தீர்மானம் எழுதிய பழக்கம் எனக்கு இருந்தது. அதுதான் கைகொடுத்தது. வாய்ப்பேச்சை நிறுத்தினேன். ஒவ்வொரு பில்லுக்கும் தேதி போட்டு, “இந்தக் காசோலையில் கையொப்பமிட வேண்டுகிறேன்” என்று துணைத்தலைவருக்குக் கடிதம், ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால். நகல் ஒன்று வட்டார வளர்ச்சி அலுவலருக்கு, ஒன்று ஆட்சியர் அலுவலகத்துக்கு, ஒன்று எனக்கு. ஒரே ஊருக்குள் நாலு வீடு தள்ளிப் பதிவுத் தபால் அனுப்புவதைத் தபால்காரரே ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆறு மாதத்தில் பதினேழு கடிதம். கூட்டத் தீர்மானத்தையும் நானே என் கையால் மினிட் நோட்டில் எழுதினேன். எழுதி முடித்து, வாசித்துக் காட்டி, வந்தவர்களிடம் அங்கேயே கையெழுத்து வாங்குவேன். வெற்றுப் பக்கத்தில் ஒரு நாளும் கையெழுத்துப் போட்டதில்லை. ஊராட்சிச் செயலர் நல்லவராகவே இருக்கட்டும், போடாதீர்கள்.

ஆனாலும் அந்தக் கடிதங்கள் ஏதோ ஒரு மேஜையில் கிடந்தன. அவை அசைந்தது வேறு பெண்களால். 2020 ஆகஸ்ட் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலைவர் அமிர்தத்தைக் கொடியேற்றவிடாமல் தடுத்தார்கள். விஷயம் வெளியே வந்ததும் ஆட்சியர் வந்து அவரையே கொடியேற்ற வைத்தார். அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலைவர் ராஜேஸ்வரியைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்திருந்த படம் வந்தது. மற்றவர்கள் எல்லோரும் நாற்காலியில். அந்தப் படத்தை நான் போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். அவர் குனிந்திருந்த விதம் எனக்குத் தெரிந்த விதம். அதற்கு அடுத்த வாரம் என் பதினேழு கடிதங்களுக்கும் சேர்த்து விசாரணைக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. அந்த இரண்டு பெண்களையும் நான் நேரில் பார்த்ததே இல்லை. அவர்கள் பட்ட அவமானத்தால்தான் என் கோப்பு திறந்தது என்று நிச்சயமாக நம்புகிறேன். அவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

விசாரணையில் ஒரு ஆபத்தும் உண்டு, தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை என்று முடிவானால், காசோலை அதிகாரத்தையே ஆட்சியர் வேறொரு அரசு அலுவலரிடம் மாற்றிவிட முடியும். அப்புறம் தலைவர் கையிலும் எதுவும் இருக்காது. அதனால் நான் புகார் பேசவில்லை. கடிதங்களைத் தேதி வாரியாக அடுக்கி வைத்து, “நான் கேட்டது இவ்வளவுதான், இன்னின்ன நாளில் கேட்டேன்” என்று மட்டும் சொன்னேன். ஆபரேட்டரின் சம்பளப் பாக்கிக்கான காசோலையில் துணைத்தலைவர் அன்றே கையெழுத்துப் போட்டார். பின்னாலும் இழுத்தடித்தார்தான். ஆனால் பத்து நாளுக்கு மேல் இழுத்ததில்லை.

டேங்க் கதை மெதுவாக நடந்தது. 2020-இல் மே தினம், ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எந்தக் கிராம சபையும் கொரோனாவால் நடக்கவில்லை. 2021 அக்டோபர் 2 கிராம சபைக்கு எங்கள் தெருப் பெண்கள் காலிக் குடத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். அதே நாளில் அப்போதைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் மதுரை மாவட்டம் பாப்பாபட்டி கிராம சபையில் இருந்தார். ஒடுக்கப்பட்டவர் தலைவராகக் கூடாது என்று 1996 முதல் 2006 வரை தேர்தலையே நடக்கவிடாத ஊர் அது. எங்கள் ஊர்க் கிராம சபையில் டேங்க் தீர்மானத்துக்கு எதிர்ப்புச் சத்தம் எழுந்தது. நிதி எங்கே என்று கேட்டார்கள். பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் ஒரு பகுதியைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவழிக்க முடியும் என்ற சுற்றறிக்கையை எடுத்து வாசித்தேன். அதை ஏழெட்டு முறை வீட்டில் சத்தம் போட்டு வாசித்துப் பழகியிருந்தேன். தீர்மானம் நிறைவேறியது. 30,000 லிட்டர் டேங்க் 2023 பங்குனியில் முடிந்தது. முதல் நாள் தண்ணீர் கலங்கலாகத்தான் வந்தது. அத்தை அதையே ஒரு குடம் பிடித்து வைத்துக்கொண்டார்.

செய்ய முடியாமல் போனதும் உண்டு. சுடுகாட்டுப் பாதை இன்னும் வரப்புதான். அந்த நிலத்துக்காரர் மனம் இறங்கவே இல்லை, நானும் மூன்று முறை அவர் வீட்டுப் படியேறினேன்.

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு எங்கள் பதவிக்காலம் முடிந்தது. பொறுப்பு தனி அலுவலரிடம் போனது. மினிட் நோட்டு, ரசீதுப் புத்தகம், சாவி எல்லாவற்றையும் பட்டியல் போட்டு ஒப்படைத்து, அந்தப் பட்டியலுக்கும் ஒப்புகை வாங்கி வைத்திருக்கிறேன்.

எங்கள் தெருவில் நர்சிங் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண் ஒருத்தி, அடுத்த முறை வார்டுக்காவது நிற்கிறேன் அக்கா என்று வந்தாள். 21 வயது முடிந்துவிட்டது, பட்டியலில் பெயர் இருக்கிறது. சாதிச் சான்றிதழ் மட்டும் பழையது, அதில் அப்பா பெயரில் ஒரு எழுத்து தப்பு. திங்கட்கிழமை இருவரும் இ-சேவை மையத்துக்குப் போகிறோம்.