பழைய சுரங்கக் காட்டில் ஒரு நாள் நடை
மரங்களுக்கு நடுவே பாதை ஒரே சரிவில் சீராக ஏறினால் அது பெரும்பாலும் பழைய தாதுவண்டித் தடம்தான், நேற்று நாங்கள் நடந்ததும் அப்படி ஒன்றில். ஓரத்தில் வட்டவட்டமாகப் பள்ளங்கள், எல்லாம் தூர்ந்துபோன சுரங்கக் குழிகள். குறுக்கு வழி என்று உள்ளே இறங்காதீர்கள், சருகுக்கு அடியில் என்ன இருக்கிறதோ. கழிவுக்கல் மேட்டில் மட்டும் மரமே இல்லை, கல்லில் மிஞ்சிய ஈயமும் துத்தநாகமும் பல செடிகளுக்கு ஆகாது.

ஒரு குடைவின் வாயிலில் முகத்தில் சில்லென்று காற்று, காலடியில் ஆரஞ்சு நிறச் சேறு. பைரைட் தாது காற்றும் நீரும் பட்டுச் சிதைய, அதிலுள்ள இரும்பு துருவாகப் படிவதுதான் அது. பார்க்க அழகு, பாட்டிலில் மட்டும் பிடிக்காதீர்கள். உள்ளே போகவில்லை. கூரை தாங்கினாலும் ஆக்சிஜன் குறைந்த காற்று மூக்குக்குத் தெரியாமலே ஆளைச் சாய்த்துவிடும், அப்புறம் வௌவால்களின் தூக்கத்தை வேறு ஏன் கெடுப்பானேன்? உச்சியில் மழை, ஒன்றும் தெரியவில்லை, சரி என்று இறங்கிவிட்டோம்.