கூன்முதுகுத் திமிங்கிலமும் திருப்பூர்ச் சரக்கும்

கூன்முதுகுத் திமிங்கிலத்துக்கு இயற்கையில் எதிரிகள் மிகக் குறைவு. ஓர்க்கா எனப்படும் கொலைத்திமிங்கிலங்கள் கூட்டமாக வந்து, தாயிடமிருந்து கன்றைப் பிரித்து, அது மூச்சுவிட மேலே வரமுடியாதபடி அழுத்தி மூழ்கடிக்கப் பார்க்கும். தாயோ சில வேளைகளில் கன்றைத் தன் உடலால் நீருக்கு மேலே தாங்கிக்கொண்டு, நீண்ட துடுப்புகளாலும் வாலாலும் அவற்றை அடித்து விரட்டும். மேற்கு ஆஸ்திரேலியக் கரையோரத்தில் இத்தகைய போராட்டங்கள் பதிவாகியுள்ளன. தப்பிப் பிழைத்தவற்றின் வாலில் ஓர்க்காவின் பல்தடங்கள் பல ஆண்டுகள் அழியாமல் இருக்கும். பெரிய சுறாக்களும் கன்றுகளையோ நலிந்தவற்றையோ எப்போதாவது தாக்குவதுண்டு.

மனிதர்கள் செய்தது இதனோடு ஒப்பிடக்கூடியதே அல்ல. சோவியத் கப்பல்கள் தென் அரைக்கோளத்தில் 48,000-க்கும் மேற்பட்ட கூன்முதுகுத் திமிங்கிலங்களைக் கொன்றுவிட்டு, சர்வதேசத் திமிங்கில ஆணையத்திடம் மூவாயிரத்துக்கும் குறைவாகவே கணக்குக் காட்டின. (இரட்டைக் கணக்குப் புத்தகம் எழுதுவோர்கூட இவ்வளவு துணியமாட்டார்கள்.)

1966-இல் வந்த வேட்டைத் தடைக்குப் பின் பல கடல்களில் இவை மீண்டுவிட்டன. ஆனால் துருவப் பகுதிக்கு வலசை போகாமல் ஆண்டு முழுவதும் அரபிக்கடலிலேயே வாழும் கூட்டம் மீளவில்லை. ஓமன் கரையோரம் நூற்றுக்கும் குறைவானவையே இருப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. மீன்களைச் செவுளில் மாட்டிப் பிடிக்கும் செவுள்வலைகளில் சிக்குவதும் கப்பல்கள் மோதுவதுமே இவற்றுக்கு இன்றுள்ள பெரும் ஆபத்துகள்.

திருப்பூரிலிருந்து ஐரோப்பாவுக்குச் செல்லும் பின்னலாடைப் பெட்டிகளும் அந்தக் கடலைத்தான் கடக்கின்றன. வேகத்தைக் குறைத்தால் மோதலில் திமிங்கிலம் இறக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறையும் என்பதால், நம்மிடம் சாயக்கழிவுக்குச் சான்றிதழ் கேட்கும் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள், கப்பல் நிறுவனங்களிடம் இதைப் பற்றியும் கேட்கலாம் என்பது என் கருத்து.