நெய்யில் பூச்சிமருந்து எச்சம்: அவசரப்பட்டால் கோட்டைவிடுவோம்

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் வாங்கும் நெய், நல்லெண்ணெயைச் சோதிப்பது கீரையைச் சோதிப்பதுபோல் சுலபமில்லை. டிடிடி மாதிரி கொழுப்பில் கரையும் பூச்சிமருந்து ஆசாமிகள் கொழுப்பைவிட்டு, நாம் ஊற்றும் அசிட்டோநைட்ரைல் கரைப்பானுக்கு வர அடம்பிடிப்பார்கள்.

நெய்யை உருக்கி, நன்றாகக் கலக்கிய பிறகே 2 கிராம் நிறுத்தெடுங்கள். அளவைக் கூட்டினால் மீட்பு (இருக்கும் மருந்தில் நம் கைக்கு வரும் பங்கு) குறையும். ஐசோடோப் உள்தரத்தை (இழப்பைக் கணக்கிட, தெரிந்த அளவில் சேர்க்கும் அடையாளமிட்ட மருந்தை) இப்போதே சேர்த்துவிட வேண்டும், கடைசியில் சேர்த்தால் இழப்பு தெரியாது. 10 மில்லி அசிட்டோநைட்ரைல் விட்டுக் குலுக்கி, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, மேலடுக்கை மைனஸ் 20 டிகிரியில் இரவு முழுக்க வையுங்கள். அடியில் கொழுப்பு வெள்ளையாகப் படியும். குளிர் குறையுமுன் தெளிவை எடுத்துவிடுங்கள். மேசையில் கிடந்தால் (ஏர்கான் இருந்தாலும்தான்) கொழுப்பு திரும்பக் கரைந்துவிடும்.

தெளிவில் மிஞ்சும் கொழுப்பை உறிஞ்ச சி18 பொடி, கொழுப்பமிலத்துக்கு பிஎஸ்ஏ என்ற இன்னொரு பொடி. கார்பன் பொடி பக்கம் போகாதீர்கள், நாம் தேடும் ஹெக்ஸாகுளோரோபென்சீன் என்ற பூஞ்சைக்கொல்லியையும் சேர்த்து விழுங்கிவிடும். மீட்பு 70 முதல் 120 சதவீதத்துக்குள் வராவிட்டால் முதலில் உறையவைத்த படியைத்தான் சந்தேகப்படுவேன்.