சீட்டில் அடித்த வரி

“ஆயிரம் வருஷமா கொடுத்துட்டு வர்றோம் சார்” என்றேன்.

“ஆயிரம் வருஷமா யாரு டாக்டர் எஸ்ஜிபிடி பார்த்தாங்க?” என்றார்.

நடந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது, குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருக்கும்போது, இந்தக் கேள்வி வந்து நின்றுகொள்கிறது. கேட்டவர் எங்கள் ஆஸ்பத்திரியின் குடல், ஈரல் நிபுணர். நான் அங்கேயே ஆயுர்வேத டாக்டர். எஸ்ஜிபிடி என்பது ஈரல் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை. குரலை உயர்த்தவில்லை. கிண்டலும் செய்யவில்லை, செய்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், கோபப்பட்டுவிட்டு மறந்திருப்பேன். ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பதில் தெரிந்தால் நன்றாக இருக்குமே என்பதுபோலக் கேட்டார்.

இன்னொன்றும் உறுத்துகிறது. ஐந்து வருடமாக அவருக்கு நான் ‘மேடம்’. எம்பிபிஎஸ் முடித்து நேற்று வந்து சேர்ந்த பையன்கூட அவருக்கு ‘டாக்டர்’. பில்லிங் கவுன்டர் பெண்ணும் நானும் ‘மேடம்’. அன்றைக்குத்தான் முதல்முறையாக என்னை டாக்டர் என்றார்.

நான் சொல்லியிருக்க வேண்டிய பதில், “யாரும் பார்க்கலை சார்.” சொன்னதோ, “எங்களைப் பார்க்க விட்டாத்தானே?” அதோடும் நிறுத்தவில்லை. 1835-க்குப் போய்விட்டேன். கல்கத்தாவில் 1822-இல் தொடங்கிய நேட்டிவ் மெடிக்கல் இன்ஸ்டிட்யூஷனில் ஐரோப்பிய மருத்துவத்தோடு ஆயுர்வேதமும் யுனானியும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தார்கள், சம்ஸ்கிருதக் கல்லூரியிலும் வைத்திய வகுப்பு நடந்தது, 1835 ஜனவரியில் கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் பிரபு போட்ட உத்தரவில் எல்லாம் மூடி, கல்கத்தா மெடிக்கல் காலேஜ் வந்தது, அதே வருடம் மதராஸிலும் மருத்துவப் பள்ளி வந்தது என்று மூச்சு விடாமல் சொன்னேன். லிஃப்ட் பக்கத்தில் நின்றுகொண்டு. ஒரு வார்டு பாய் ஸ்ட்ரெச்சரோடு எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்.

அவர் முழுவதும் கேட்டார். பிறகு, “அந்த அம்மாவுக்கு பிலிருபின் ஒன்பது” என்றார். காமாலையின் அளவு அது. லிஃப்ட் வந்தது, போய்விட்டார்.

விஷயம் இதுதான். அறுபது வயது அம்மா, முட்டி வலி. மூட்டு மாற்று ஆபரேஷன் என்று எங்கோ சொல்லிவிட, பயந்துபோய் என்னிடம் வந்தார். மகாராஸ்நாதி கஷாயம், யோகராஜ குக்குலு மாத்திரை, வெளியே தேய்க்கத் தைலம் கொடுத்தேன். மூன்றாவது வாரம், “இப்பல்லாம் படியில நண்டு மாதிரி பக்கவாட்டுல ஏறுறதில்ல டாக்டரம்மா” என்று ஏறிக் காட்டாத குறையாகச் சொன்னார். ஏழாவது வாரம் வந்தபோது பசி இல்லை, சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போகிறது என்றார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். நல்ல மஞ்சள்.

காமாலை என்றதும் எங்கள் ஆட்களின் கை தன்னால் எழுதும் மருந்து ஒன்று உண்டு. வாசாகுடூச்யாதி கஷாயம். ஆடாதோடை, சீந்தில், வேம்பு, கடுகுரோகிணி, திரிபலா எல்லாம் சேர்ந்தது. எழுதிவிட்டேன். 15 மில்லி, வெந்நீரில் கலந்து, இரண்டு வேளை. சீட்டை நீட்டப்போகும்போதுதான் எதற்கோ கேட்டேன்: “வேற ஏதாச்சும் சாப்பிடுறீங்களாம்மா?”

“மாத்திரை ஒண்ணும் இல்லியே. சீந்தில் பொடி மட்டும்தான். கொரோனா வந்ததிலிருந்து, காலையில வெறும் வயித்துல ஒரு ஸ்பூன்.”

எழுதிய வரியின் மேல் ஒரு கோடு போட்டேன். சாப்பிட்டதை எல்லாம் நிறுத்தச் சொன்னேன். ரத்தப் பரிசோதனைக்கு எழுதி, மாடியில் அந்த ஈரல் நிபுணரிடம் அனுப்பினேன்.

அவர் போனபிறகு முதல் நாள் சீட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்திலேயே இருந்தது: ‘அலோபதி மருந்து: இல்லை’. அன்றைக்கு நான் கேட்டது, “இங்கிலீஷ் மருந்து ஏதாவது எடுக்குறீங்களா?” அவர் பொய் சொல்லவில்லை. நம் பக்கத்துச் சரக்கைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. விஷம் வருவதானால் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும் என்று எனக்குள்ளே எங்கோ ஒரு கதவு மூடிக் கிடந்திருக்கிறது.

என் தரப்பையும் சொல்ல வேண்டும். 2020-இல் சீந்தில் இல்லாத வீடு எது? கபசுரக் குடிநீரில் சீந்தில் உண்டு. மத்திய அரசின் ஆயுஷ் நெறிமுறையில் சீந்தில் உண்டு. 2021-இல் மும்பை ஈரல் மருத்துவர்கள், சீந்தில் சாப்பிட்டு ஈரல் பாதிக்கப்பட்டு வந்த ஆறு பேரைப் பற்றி எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. பார்க்க அதேபோல இருக்கும் வேறு கொடி கலந்திருக்கலாம் என்றது. அது நடக்காததும் இல்லை, சந்தைக்கு வரும் சரக்கின் லட்சணம் எங்களுக்குத் தெரியும். அந்த மறுப்பை எங்கள் பேட்ச் வாட்ஸ்அப் குரூப்பில் முதலில் போட்டவள் நான்தான். மும்பைக் கட்டுரையை நான் படிக்கவில்லை. மறுப்பை மட்டும் படித்தேன்.

இதை எழுதும்போதே என்ன செய்கிறேன் என்று தெரிகிறது. பொடியின் மேல் பழியைத் தள்ளுகிறேன். குக்குலுவாலும் ஈரல் பாதித்ததாக ஆங்காங்கே பதிவுகள் உண்டு; அதைக் கொடுத்தது நான். என் மாத்திரையா, அவருடைய பொடியா, இரண்டும் சேர்ந்தா? வைரஸ் பரிசோதனைகள் எல்லாம் நெகடிவ். எல்லாவற்றையும் நிறுத்தியபின் பிலிருபின் மெல்ல இறங்கி, உடம்பு தேற இரண்டரை மாதம் ஆனது. அதற்கு மேல் யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பதிலாக 1835-ஐச் சொன்னேனே, அது பொய்யா? இல்லை. உண்மை. அதுதான் தொல்லை.

அன்று இரவு வீட்டுக்கு வந்து அந்தக் கதையை மறுபடி எனக்கே சொல்லிப் பார்த்தேன். வழக்கமாகச் சொல்லாமல் விட்டுவிடும் இடங்கள் எல்லாம் தலை தூக்கின. மதுசூதன் குப்தா என்று ஒருவர். வங்காள வைத்தியர், சம்ஸ்கிருதக் கல்லூரியில் வைத்திய வகுப்பு எடுத்தவர். அந்த வகுப்பை மூடியதும் புது மெடிக்கல் காலேஜுக்குப் போய், 1836-இல் பிணத்தை அறுத்தார். சாதி போகும், ஊர் பேசும் என்று தெரிந்தே. காலேஜில் எங்களுக்கு இவரைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லித்தரவில்லை. அறுவை வைத்தியத்தின் பழைய ஆசான் சுஸ்ருதரைப் பற்றி ஒரு செமஸ்டர் அளவுக்குச் சொன்னார்கள். சுஸ்ருதரே, உடலைப் புல்லால் சுற்றி, கூண்டில் வைத்து, ஓடும் நீரில் ஏழு இரவு ஊறப்போட்டு, தோலைச் சுரண்டி அடுக்கடுக்காகக் கண்ணால் பார் என்று எழுதியவர். வைவாவில் கடகடவென்று ஒப்பித்திருக்கிறேன். அதை உண்மையில் செய்துகொண்டிருந்தவர்கள் எப்போது நிறுத்தினார்கள்? பெண்டிங்க் கப்பல் ஏறுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே.

புனே மூக்கு விஷயமும் அப்படித்தான். 1794 அக்டோபரில் லண்டன் ஜென்டில்மேன்ஸ் மேகஸினில் வந்தது. ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கௌஸ்ஜி என்பவரைத் திப்புவின் ஆட்கள் பிடித்து மூக்கை அறுத்துவிட, நெற்றித் தோலை இறக்கிப் புது மூக்கு வைத்தார்கள். ஐரோப்பியர்கள் வாயைப் பிளந்தார்கள். பெருமையாக நோயாளிகளிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். வைத்தவர் யார்? செங்கல் சூளைச் சாதியைச் சேர்ந்த ஒருவர் என்று அந்தப் பத்திரிகையிலேயே இருக்கிறது. சுவடி வைத்திருந்த வைத்தியர் அல்ல. கத்தி பிடித்த கை ஒரு சாதியிலும் சுலோகம் சொன்ன வாய் வேறொரு சாதியிலும் போய்விட்டது. இரண்டும் ஒரு திண்ணையில் உட்காரவில்லை. வெள்ளைக்காரன் வந்து மூடியது ஏற்கெனவே பாதி சாத்திய கதவைத்தான் என்று சொல்லலாமா? சொன்னால் எங்கள் குரூப்பில் என்னை வாங்கு வாங்கென்று வாங்குவார்கள். முழுக்கச் சரியும் இல்லை. காசும் கட்டிடமும் ஆஸ்பத்திரியும் ஒரே பக்கம் போனால் மறுபக்கம் எதை வைத்து எஸ்ஜிபிடி பார்க்கும்?

மதராஸில் முயற்சி நடந்தது. 1921-இல் முகமது உஸ்மான் தலைமையில் நாட்டு மருத்துவத்துக்கான கமிட்டி, 1923-இல் அறிக்கை, பிறகு அரசு இந்திய மருத்துவப் பள்ளி. முதல் பிரின்சிபால் கேப்டன் சீனிவாசமூர்த்தி ஆங்கில மருத்துவம் படித்தவர், இரண்டையும் சேர்த்துப் படிக்கலாம் என்று நம்பியவர். சித்தா, ஆயுர்வேதம், யுனானி எல்லாம் அங்கே இருந்தன. பள்ளி கீழ்ப்பாக்கத்தில் வளர்ந்தது, காலேஜ் ஆனது, 1960-இல் கீழ்ப்பாக்கம் மெடிக்கல் காலேஜாக மாறிவிட்டது. எங்கள் ஈரல் டாக்டர் படித்தது அங்கேதான். அவருக்கு இது தெரியுமா என்று கேட்கலாம் என்று பலமுறை நினைத்தேன். கேட்டால் மறுபடி லிஃப்ட் பக்கத்தில் சரித்திர வகுப்பு எடுத்ததாக ஆகிவிடும்.

அப்படி எதற்குப் பொங்கினேன் என்றால், அது அந்த ஒரு கேள்விக்காக மட்டும் இல்லை. 2023 ஏப்ரலில், ஆயுர்வேத டாக்டர்களும் எம்பிபிஎஸ் டாக்டர்களும் செய்வது சமமான வேலை அல்ல, ஆகவே சமமான சம்பளம் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அவசர சிகிச்சை, பிரேதப் பரிசோதனை போன்றவற்றை நாங்கள் செய்வதில்லை என்பது ஒரு காரணம். வாதம் புரிகிறது. ஆனால் என்னோடு பிஏஎம்எஸ் என்ற ஆயுர்வேதப் பட்டம் படித்தவர்களில் எத்தனை பேர் ராத்திரி டியூட்டி டாக்டராக ஊசி போட்டு, டிரிப் ஏற்றி, காலையில் ‘மேடம்’ ஆகி வீட்டுக்குப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த எரிச்சல் எல்லாம் சேர்ந்து, ஒரு அம்மாவின் ஈரலைப் பற்றிய கேள்விக்குப் பதிலாக வெளியே வந்தது.

சர்ப்பகந்தாவையும் அன்றைக்கே இழுத்திருப்பேன், லிஃப்ட் வந்துவிட்டது. நம் மருந்து, ரத்த அழுத்தத்துக்கு உலகமே பயன்படுத்தியது என்று. அதையும் யோசித்தால் கணக்கு அவர் பக்கமே விழுகிறது. 1931-இல் கல்கத்தாவில் சென்னும் போஸும், 1949-இல் பம்பாயில் ருஸ்தம் ஜால் வகீலும் அழுத்தத்தை அளந்து எழுதியதால்தான் அது உலகத்துக்குப் போனது. சாப்பிடுகிறவர்களுக்கு மனச்சோர்வு வருகிறது என்ற எச்சரிக்கையும் அப்படிக் கவனித்து எழுதியதில் வந்ததுதான். அளந்ததும் புகழ் வந்தது, கூடவே குறையும் வந்தது. எங்களுக்கு முதலாவது மட்டும் வேண்டும்.

ஆயுர்வேத ஆசான் சரகர் அப்படிச் சொல்லவில்லை. கொடிய விஷமும் முறையாகச் சேர்த்தால் சிறந்த மருந்து, மருந்தும் தவறாகச் சேர்த்தால் கொடிய விஷம் என்கிறார். மனப்பாடச் சுலோகம். எங்கள் பிரிவின் வாசலில் மார்க்கெட்டிங் ஆட்கள் மாட்டிய பலகையில் ‘பக்கவிளைவு அற்றது’ என்று இருக்கிறது. ஐந்து வருடமாக அதன் கீழே நுழைந்துதான் உள்ளே போகிறேன்.

மருந்தால் பாதிப்பு என்று சந்தேகம் வந்தால் எழுதி அனுப்ப எங்கள் துறைக்கும் படிவம் உண்டு. “அனுப்பிடுங்க” என்று ஈரல் டாக்டர் இன்டர்காமில் ஒருமுறை சொன்னார். நிரப்பினேன். மேஜை டிராயரில் இருக்கிறது. சந்தேகத்துக்குரிய மருந்து என்ற இடத்தில் பொடியின் பெயர் எழுதியாயிற்று. குக்குலுவின் பெயரை எழுதப் பேனாவை எடுப்பேன், யாராவது நோயாளி வந்துவிடுவார். இரண்டு வருடமாக யாராவது வந்துகொண்டே இருக்கிறார்கள்.

சீட்டில் அடித்தேனே அந்த வரி, அதை எதற்காக அடித்தேன் என்பதும் தெளிவாக இல்லை. சீந்திலால் வந்த காமாலையாக இருந்தால் சீந்திலையே கொடுக்கக்கூடாது என்ற அறிவா? அல்லது அந்தச் சீட்டு மாடிக்குப் போய் அவர் கண்ணில் படும் என்ற பயமா? அறிவு என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். கோடு ஒன்றல்ல, உள்ளே இருப்பது படிக்க முடியாதபடி நாலைந்து தடவை இழுத்திருக்கிறேன். சும்மா நிறுத்துகிறவர்கள் ஒரு கோட்டோடு விட்டுவிடுவார்கள்.

போன மாதம் அந்த அம்மா மறுபடி வந்தார். பழையபடி முட்டி. மாடியில் கொடுத்த வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்குகிறதாம். “உங்க மாத்திரைதான் டாக்டரம்மா எனக்குக் கேட்டுச்சு. அதையே எழுதுங்க.”

முடியாது என்றேன். வெளியே தேய்க்கத் தைலம் மட்டும் எழுதினேன். கேட்க வேண்டியதை எல்லாம் இந்தமுறை கேட்டேன்: பொடி, லேகியம், கஷாயம், டப்பாவில் விற்கும் ஹெல்த் மிக்ஸ், பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தது. எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டினார். அதன் கீழே ஈரல் பரிசோதனை என்று எழுதி நீட்டினேன்.

சீட்டை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். “எண்ணெய் தேய்க்கிறதுக்கு எதுக்கு டாக்டரம்மா ரத்தம்?”

“பார்த்துட்டு வாங்க” என்றேன்.