யவீரு காத்திருந்த நேரம்

போன ஞாயிறு எங்கள் ஆலயத்தில் ஐயா எபேசியர் 5:16ஐ எடுத்துப் பிரசங்கித்தார். "காலத்தைப் பிரயோஜனப்படுத்திக்கொள்ளுங்கள்." ஆராதனை முடிந்து வெளியே வந்தால், தாய்மார் எல்லாரும் பிள்ளைகளின் நேர அட்டவணையைப் பற்றியே கதைத்துக்கொண்டு நின்றார்கள். வெள்ளன எழும்பிப் படிப்பு, பள்ளிக்கூடம், பின்னேரம் ரியூசன், இரவும் ரியூசன்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. இந்த வசனத்தைக் கேட்கும்போதெல்லாம் மாற்கு 5ஆம் அதிகாரம்தான் எனக்கு நினைவுக்கு வரும். ஜெபஆலயத் தலைவன் யவீருவின் மகள் சாகும் தறுவாயில் கிடக்கிறாள், பன்னிரண்டே வயது. இயேசு அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறார். வழியில் ஒரு பெண் அவருடைய வஸ்திரத்தைத் தொடுகிறாள், பன்னிரண்டு வருஷமாய்ப் பெரும்பாடுள்ளவள், அதாவது ஓயாத இரத்தப்போக்கால் வருந்தினவள். தொட்டவுடன் சுகமாகிவிட்டாள். அதோடு நடையைக் கட்டியிருக்கலாம். அவரோ நின்று, யார் தொட்டது என்று தேடுகிறார். அவள் "உண்மையையெல்லாம்" சொல்லி முடிக்கும்வரை கேட்கிறார். பன்னிரண்டு வருஷக் கதை ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்குமா? யவீரு பக்கத்தில் நின்று எப்படித் தவித்திருப்பான்! அவர் பேசிக்கொண்டிருக்கையிலேயே மகள் இறந்த செய்தி வருகிறது. "பயப்படாதே, விசுவாசமுள்ளவனாயிரு" என்று இயேசு யவீருவிடம் சொல்கிறார். பிறகு போய் அவளையும் எழுப்புகிறார். அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த நேரம் யவீருவிடமிருந்து பறித்த நேரமாகவில்லை.

மானிப்பாய் கிறீன் ஆஸ்பத்திரியைக் கடக்கும்போதும் இதே எண்ணம் வரும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரி டொக்டர் சாமுவேல் கிறீன் வைத்தியம் மட்டும் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் தமிழ் படித்தார், மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார், எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் தமிழ் தேடிக்கொண்டிருந்த அந்த மணித்தியாலங்களை வீண் என்று யார் சொல்வார்?

எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமி இருக்கிறா. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும். வட்ஸ்அப்பில் தினமும் முகம் பார்ப்பினம், ஆனால் ஒரு தேத்தண்ணி சேர்ந்து குடிக்க ஆளில்லை. பின்னேரம் படலையடியில் நிற்பா. "பிள்ளை, அவசரமோ?" என்று கேட்பா. "இல்லை மாமி" என்று சொல்லிச் சைக்கிளை ஸ்ராண்டில் விடுவேன். கிணற்றுத் தண்ணி உவர்க்கிற கதை, முழங்கால் வலி, 1995 யுத்த இடப்பெயர்வில் விட்டுவந்த தையல் மெஷின். சில நாள் எல்லாம் முந்தியே கேட்ட கதைதான். தொண்ணூறாம் சங்கீதம் நம் நாட்களை எண்ணும் அறிவைக் கேட்கச் சொல்கிறது. என் நாட்களை எண்ணும்போது மாமியோடு இருந்த பின்னேரங்களை நான் கழிப்பதில்லை.

மகனுக்கு இந்த வருஷம் ஓ.எல். (சாதாரண தரப்) சோதனை. ஞாயிறு காலையிலும் வகுப்பு வைக்கப்போவதாக ரியூசனில் சொன்னார்கள். அதற்கு அனுப்பமாட்டோம் என்று நானும் இவரும் சொல்லிவிட்டோம். ஆராதனை முடிய மாமியை ஓட்டோவில் வீட்டில் கொண்டுபோய் விடுவது இப்போது அவன் பொறுப்பு.