எங்கள் பழைய தெருக்களுக்காக மூன்று வருடம்

மூலை வீடு போன பிறகுதான் நாங்கள் கூடினோம். வெள்ளிக்கிழமை மாலை வரை இருந்த வீடு, திங்கள்கிழமை காலையில் செங்கல் குவியலாகக் கிடந்தது. மாடிப்படியின் மரக் கைப்பிடி மட்டும் குவியலுக்கு மேலே வளைந்து நீட்டிக்கொண்டிருந்தது. இடிப்பதற்கான அறிவிப்பை ஒரு மாதத்துக்கு முன்பே அந்த வீட்டுக் கதவில் ஒட்டியிருந்தார்கள். தினமும் அந்த வழியாகப் போய் வந்த எங்களில் ஒருவர்கூட நின்று படிக்கவில்லை. அது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

அன்று இரவு எங்கள் முன்னறையில் பதினொரு பேர் உட்கார்ந்தோம். அடுத்த வீடு விழுவதற்குள் ஏதாவது செய்ய வேண்டும், ஆனால் எங்கே தொடங்குவது என்று யாருக்கும் தெரியவில்லை. மூன்று வருடம் கழித்து, எங்கள் ஆறு பழைய தெருக்களில் நான்குக்கு, இடிக்கவிடாமல் காக்கும் சட்டப் பாதுகாப்பு கிடைத்திருக்கிறது. இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் கையெழுத்து வாங்கினோம். வீடு வீடாக அலைந்து கட்டுக் கட்டாகச் சேர்த்து, கட்டட அனுமதி தரும் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தோம். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகப் படித்துவிட்டுக் கேட்டார்: "எந்தெந்தக் கட்டடம்? ஒவ்வொண்ணும் எப்போ கட்டினது? அதுல எதைக் காப்பாத்தணும்னு கேக்குறீங்க?" எங்களிடம் பதில் இல்லை. "பழமை வாய்ந்த பகுதி" என்று மனுவில் பல இடங்களில் எழுதியிருந்தோம், ஒரு கதவு எண்ணைக்கூடக் குறிப்பிடவில்லை.

அந்த வாரம்தான் நியூயார்க்கின் பென்சில்வேனியா ரயில் நிலையத்தைப் பற்றிப் படித்தேன். 1962-இல் கட்டடக் கலைஞர்களே பதாகை ஏந்தி அதன் வாசலில் நின்றிருக்கிறார்கள். ஆனாலும் 1963-இல் இடிப்பு தொடங்கிவிட்டது. தடுப்பதற்குக் கையில் சட்டம் இல்லை. அந்த நகரத்தின் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1965-இல். எங்கள் ஊரில் சட்டம் ஏற்கெனவே இருந்தது. அதைப் பிடித்துக்கொள்ளத் தேவையான தாள்கள்தான் எங்களிடம் இல்லை. சரி, தாள்களை உருவாக்குவோம் என்று உட்கார்ந்தோம்.

வீட்டுக்கு ஒரு பக்கம் என்று படிவம் தயாரித்தோம். கதவு எண், பழைய எண், முகப்பின் அகலம், எத்தனை மாடி, சுவர் எதனால் ஆனது, கூரை எப்படிப்பட்டது, எதெல்லாம் பிற்காலத்தில் மாற்றியது, இப்போது யார் குடியிருக்கிறார்கள். இரண்டு இரண்டு பேராகப் போனோம். ஒருவர் டேப்பைப் பிடித்து அளப்பார், மற்றவர் எழுதுவார். போட்டோ எல்லாவற்றையும் ஒரே ஆள், எதிர்ப்பக்க நடைபாதையிலிருந்து, ஒரே உயரத்தில் எடுத்தார். அப்போது அது வீண் பிடிவாதமாகத் தெரிந்தது. பிறகு எங்களைக் காப்பாற்றியதே அந்தப் பிடிவாதம்தான்.

வருடத்தைக் கண்டுபிடிப்பதுதான் பெரிய பாடு. வரிப் பதிவேடு, பழைய நில அளவை வரைபடம், சொத்துப் பத்திரங்கள் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. இடையில் இரண்டு முறை கதவு எண்களை மாற்றியிருந்தார்கள், அது தெரியாமல் ஒரு தெரு முழுவதற்கும் தப்பான வருடம் எழுதி, எல்லாவற்றையும் திரும்பச் செய்தோம். குடும்ப ஆல்பங்கள் நிறையக் கைகொடுத்தன. ஒரு கல்யாணப் போட்டோவில் மாப்பிள்ளைக்குப் பின்னால் தெரிந்த வாசல் வளைவை வைத்து, ஒரு வரிசையின் பழைய முகப்பையே அடையாளம் கண்டோம்.

எழுத எழுத இன்னொன்றும் புரிந்தது. தனியாக எடுத்துப் பார்த்தால் பெரும்பாலான வீடுகள் சாதாரணமானவைதான். ஆனால் முகப்புகளின் அகலம் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தது, ஜன்னல்களின் மேல்விளிம்பு ஒரே கோட்டில் ஓடியது. தெருவாகச் சேர்ந்து நிற்பதில்தான் அவற்றின் அழகு. இதற்கு வெளிநாடுகளில் முன்மாதிரி உண்டு. பிரான்ஸ் 1962-இல் பழைய நகர்ப் பகுதிகளை முழுப் பகுதியாகவே காக்கச் சட்டம் போட்டது. பிரிட்டன் 1967-இல் பாதுகாப்புப் பகுதி என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. தனிக் கட்டடமாகக் கேட்டிருந்தால் நான்கைந்து வீடுகள்தான் தேறியிருக்கும். ஆகவே தெருவாகக் கேட்டோம்.

இதற்குள் ஒரு பெரிய தப்பைச் செய்திருந்தோம். வீட்டுக்காரர்களிடம் பேசுவதற்கு முன்பே அலுவலகத்துக்குப் போய்விட்டோம். "உங்க வீட்டைப் பாதுகாப்புப் பட்டியல்ல சேர்க்கப்போறாங்களாம், இனி ஒரு ஆணிகூட அடிக்க முடியாது, விக்கவும் முடியாது" என்று தெருவில் பேச்சு பரவியது. நேற்றுவரை சிரித்துப் பேசியவர்கள் எங்களைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்கள். இரண்டாவது தெருவில் தனியாக இருந்த ஒரு பாட்டி படிவத்தை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "ஏம்மா, மழை பெஞ்சா எங்க வீட்டுச் சுவர் அழுவுது. அதுக்கு உங்க பட்டியல் என்ன பண்ணும்?" என்று கேட்டார்.

அன்று அந்தச் சுவரைப் போய்ப் பார்த்தோம். தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை ஓதம் ஏறியிருந்தது. வெளியே சிமெண்ட் பூச்சு கெட்டியாக, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. தட்டினால் உள்ளே பொள்ளென்று சத்தம் கேட்டது. எங்களுடன் வந்த கொத்தனார் ஓர் ஓரத்தைப் பெயர்த்துக் காட்டினார். பூச்சு தட்டுப்போலக் கழன்று வந்தது. பின்னால் செங்கல்லின் முகம் முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. விரலால் தடவினால் செங்கல் மாவாக உதிர்ந்தது.

அந்தக் காலத்துச் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் ஈரத்தை வாங்கி, வெளியே விட்டுவிடும். சுண்ணாம்புக் கல்லைச் சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டு, தண்ணீர் விட்டு நீற்றி, மணலோடு குழைத்துப் பூசினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல இழுத்துக்கொண்டு மறுபடி கல்லாக இறுகும். அதன் நுண்துளைகள் வழியாகச் சுவருக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகிவிடும். சிமெண்ட் பூச்சு அந்த வழியைப் பெரும்பாலும் அடைத்துவிடுகிறது. ஈரம் போக இடமில்லாமல் இன்னும் மேலே ஏறுகிறது, உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி அதை உடைக்கிறது. சுவரைக் காப்பாற்றப் பூசியதே சுவரைத் தின்றுகொண்டிருந்தது.

அந்த ஒரு சுவரைச் சரிசெய்து காட்ட முடிவெடுத்தோம். நேராகப் பூச்சில் கைவைக்கவில்லை. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் தேடினோம். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் உடைந்து சுவரோடு ஒழுகியது. சாலையைத் திரும்பத் திரும்ப உயர்த்தியதில் வெளித்தரை வீட்டுத் தரையைவிட மேலே போயிருந்தது. குழாயை மாற்றி, சுவரோரம் மண்ணை வெட்டி இறக்கினோம். சிமெண்டை உரித்துவிட்டுச் சில மாதங்கள் சுவரை அப்படியே காயவிட்டோம். பாட்டிக்குக் கோபம். "இப்ப இன்னும் அசிங்கமா இருக்கு" என்று தினமும் சொல்வார். நியாயமான கோபம்தான், வெற்றுச் செங்கல்லைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்தவர் அவர்தானே. அப்புறம்தான் சுண்ணாம்புக் காரை பூசினோம். அடுத்த மழைக்காலத்தில் அக்கம்பக்கத்தார் வந்து சுவரில் கைவைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். மூடிய கதவுகள் அதற்குப் பிறகுதான் திறந்தன. எங்கள் துண்டறிக்கைகளால் ஆகாத வேலை அது.

எங்கள் கோரிக்கை மீதான கருத்துக்கேட்புக் கூட்டத்தில் ஆளுக்கு மூன்று நிமிடம்தான் தந்தார்கள். எதிர்த்தரப்பு, கட்டடங்கள் பாழடைந்து ஆபத்தான நிலையில் இருக்கின்றன என்றது. இந்த வாதம் வரும் என்று தெரிந்ததால், கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை முன்கூட்டியே அழைத்து, ஒவ்வொரு உத்தரத்தையும் கரையான் அரித்திருக்கிறதா என்று சோதித்து அறிக்கை வாங்கியிருந்தோம். உண்மையிலேயே பலவீனமாக இருந்த இரண்டு வீடுகளை நாங்களே பெயர் சொல்லி ஒப்புக்கொண்டோம். அதனால்தான் மற்றவற்றைப் பற்றிச் சொன்னதை நம்பினார்கள் என்று நினைக்கிறேன். ஒரே உயரத்தில் எடுத்த போட்டோக்களை ஒட்டி, முழுத் தெருவையும் ஒரே நீளப் பட்டையாக மேசையில் விரித்தோம். மூலை வீடு இருந்த இடம் அதில் பல் விழுந்த ஓட்டைபோலத் தெரிந்தது. விசாரித்தவர்கள் எழுந்து வந்து குனிந்து பார்த்தார்கள்.

பாதுகாப்பு கிடைக்காத இரண்டு தெருக்களிலும் முகப்புகள் பெரும்பாலும் மாறிவிட்டன என்பது அவர்கள் சொன்ன காரணம். ஏற்கத்தான் வேண்டியிருந்தது. அதைவிட என்னை உறுத்துவது வேறு. பாதுகாப்பு வந்ததும் தெருவுக்கு மவுசு கூடி, வாடகை ஏறியது. படிவங்களை எங்களோடு நிரப்பிய இரண்டு குடும்பங்கள் காலி செய்துகொண்டு போய்விட்டன. குடியிருப்பவர்களைக் காக்க என்ன வழி என்பதை முதல் வருடமே பேசியிருக்க வேண்டும். சுவர்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். இப்போது வாடகைதாரர்களும் எங்கள் கூட்டத்தில் பங்கேற்கிறார்கள். நீண்டகால வாடகை ஒப்பந்தத்துக்கு வீட்டுக்காரர்களிடம் பேசி வருகிறோம், இதுவரை நான்கு பேர் சம்மதித்திருக்கிறார்கள்.

குழுவுக்குள்ளும் சண்டை வந்தது. பழைய போட்டோவில் பாதி தெரிந்த ஒரு மர பால்கனியை முழுதாகக் கட்டிவிடலாம் என்று சிலர் ஆசைப்பட்டார்கள். ஊகம் தொடங்கும் இடத்தில் புதுப்பிப்பை நிறுத்திவிட வேண்டும் என்று பழைய கட்டடங்களைக் காப்பதற்கான சர்வதேச நெறிமுறையான, 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் சொல்கிறது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன், பால்கனி கட்டவில்லை.

போன மாதம் பாட்டி ஆளனுப்பினார். தன் வீட்டுப் படிவத்தைக் காட்டச் சொன்னார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தவர், ஓரிடத்தில் விரலை வைத்தார். 'மாடி ஜன்னல்: கட்டியபோதே வைத்தது' என்று நான் எழுதியிருந்தேன்.

"இது தப்பும்மா. எனக்குப் பத்து வயசுல ஒரு புயல்ல பழைய ஜன்னல் பிச்சிக்கிட்டுப் போயிடுச்சு. இது எங்கப்பா போட்டது. மாத்தி எழுது."

அடித்துவிட்டு எழுதினேன். எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.